கித்துல்கலவிலிருந்து கேத்திக்கு: பாலு மகேந்திரா

பாலு மகேந்திரா 1939இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். ஹற்றன் போகிற பாதையில் இருக்கிற கித்துல்கலவில் டேவிட் லீன் படமெடுப்பதைப் பள்ளி நாட்களில் பார்த்துத்தான் சினிமா ஆசை வந்ததென்று பலமுறை சொல்லியிருக்கிறார். பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். இயற்கை வெளிச்சம், குறைவான பேச்சு, நிறைய மௌனம். சன் டிவியில் சிறுகதைகளைப் படமாக்கிய ‘கதை நேரம்’ வரைக்கும் இதுதான் அவர் பாணி.

‘மூன்றாம் பிறை’யில் (1982) கமல் நீலகிரி கேத்தியில் வாத்தியார். அந்தப் பனியும் ஸ்டேஷனும் நமக்கு நானுஓயா மாதிரியே தெரியும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம்ம சனத்தில் பலர் கப்பலேறிப் போய்க் கொழுந்து பறித்ததும் அதே நீலகிரியில்தான். ஆனா அந்தக் கதை அவங்களைப் பற்றியது இல்லை.

நமக்கு நெருக்கமான படம் ‘வீடு’ (1988). பாட்டே கிடையாது. சொந்த வீடு கட்ட ஒரு பொண்ணு படுகிற பாடு மட்டுந்தான் கதை. தலைமுறை தலைமுறையாக லயக் காம்பராவில் இருந்தும் காணி உறுதி இல்லாத நமக்கு அந்த ஏக்கம் நல்லாவே புரியும். ஒரு சாதாரண வீடே முழுப்படத்துக்குப் போதும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையோட நம்ம லயத்தை நாமதான் படமாக்கணும்.