சாங்குனேரியா: ஒரு செடி, இரண்டு மருந்துகள்

ஹோமியோபதி கடைகளில் சாங்குனேரியா என்று ஒரு மருந்து உண்டு. ஒற்றைத் தலைவலிக்குக் கொடுப்பார்கள். தோல் புற்றுநோய் வரலாற்றிலும் அதே பெயர் அடிபடுது. ரெண்டும் ஒண்ணுதானா என்று தேடப்போய்க் கிடைத்த கதை இது.

சாங்குனேரியா வட அமெரிக்கக் காட்டுச் செடி. கிழங்கை ஒடித்தால் ரத்தம் மாதிரி சிவப்புச் சாறு வரும். 1850-களில் வெல்டன் ஃபெல் என்ற அமெரிக்க மருத்துவர் இதை லண்டனுக்குக் கொண்டுபோனார். கிழங்குப் பொடியையும் ஜிங்க் குளோரைடையும் சேர்த்த களிம்பை மிடில்செக்ஸ் மருத்துவமனையில் புற்றுக்கட்டிகள் மேல் போட்டார். கட்டி கருகி விழுந்தது. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து வந்து பத்துப் பன்னிரண்டு வருஷமே ஆன காலம். கத்தி வேண்டாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

அடுத்து 1930-கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் மோஸ் என்பவரும் இதேபோன்ற களிம்பைப் பயன்படுத்தினார். ஆனால் அவர் கட்டி விழட்டும் என்று காத்திருக்கவில்லை. களிம்பு பட்டு இறுகிய திசுவை அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வொரு அடுக்கையும் நுண்ணோக்கியில் பார்த்தார். புற்று எங்கே மிச்சம் இருக்கோ அங்கே மட்டும் மறுபடி வெட்டினார். 1941-ல் இதை வெளியிட்டார்.

அப்போ செடிதான் குணப்படுத்தியதா? இல்லை. திசுவை இறுக வைத்தது ஜிங்க் குளோரைடு. புற்று முழுசாகப் போயிருச்சா என்று சொன்னது நுண்ணோக்கி. 1970-களில் களிம்பையே விட்டுவிட்டார்கள். மோஸ் அறுவை சிகிச்சை இன்றும் நடக்கிறது.

இனி ஹோமியோபதி புட்டிக்கு வருவோம். 30சி என்றால் நூறில் ஒரு பங்காக முப்பது தடவை நீர்த்தது. சுமார் 12 தடவைக்கு மேல் போனாலே செடியின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதும் அபூர்வம். ஒன்று சதையை எரிக்கும் களிம்பு, இன்னொன்று செடியே இல்லாத உருண்டை. பெயர் மட்டும்தான் பொது.

இந்தக் குழப்பம் வெறும் பெயர்க் குழப்பம் இல்லை. ஃபெல் களிம்பின் வாரிசு 'பிளாக் சால்வ்' என்ற பெயரில் இணையத்தில் இன்னும் விற்குது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தும் வாங்குகிறார்கள். மேலே தழும்பு ஆறிவிடும். அடியில் புற்று சத்தமில்லாமல் வளரும். மோஸ் நுண்ணோக்கியில் தேடியதே இந்த மிச்சத்தைத்தான்.

துணை மருத்துவம் என்ற சொல்லில் 'துணை' முக்கியம். ஆறாத புண்ணோ, உருமாறும் மச்சமோ இருந்தால் முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்க. உருண்டையைப் பற்றி அப்புறம் பேசலாம்.