யூஜினி கிளார்க்

யூஜினி கிளார்க் (மே 4, 1922 – பெப்ரவரி 25, 2015) ஓர் அமெரிக்க மீனியலாளர் ஆவார். சுறாக்களின் நடத்தை பற்றிய ஆய்வுகளால் "சுறாப் பெண்மணி" என அழைக்கப்பட்டார். சுறாக்கள் அறிவற்ற கொலைவிலங்குகள் என்ற பொதுக்கருத்தை மாற்றுவதில் இவரது பங்கு குறிப்பிடத்தக்கது.

இளமையும் கல்வியும்

நியூயார்க் நகரில் பிறந்தார். தாயார் யப்பானிய மரபினர். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். தாயார் பணிக்குச் சென்ற சனிக்கிழமைகளில் பாட்டரி பூங்கா மீன் காட்சியகத்தில் பொழுதைக் கழித்தபோது மீன்கள் மீது ஆர்வம் கொண்டார். 1942 இல் ஹண்டர் கல்லூரியில் விலங்கியல் பட்டமும், 1950 இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். பின்னர் எகிப்தின் செங்கடற் பகுதியில் மீன்களை ஆராய்ந்தார். இவ்வனுபவங்களைக் கூறும் இவரது "ஈட்டியேந்திய பெண்மணி" என்ற நூல் 1953 இல் வெளியானது.

சுறா ஆய்வுகள்

1955 இல் வாண்டர்பில்ட் குடும்பத்தினரின் ஆதரவுடன் புளோரிடாவில் கேப் ஹேஸ் கடல் ஆய்வகத்தை நிறுவினார். இதுவே பின்னர் மோட் கடல் ஆய்வகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இங்கு எலுமிச்சைச் சுறாக்களுக்கு, ஒரு பலகையை மூக்கால் அழுத்தினால் உணவு கிடைக்கும் எனப் பயிற்சி அளித்தார். அவை இதனை விரைவில் கற்றுக்கொண்டன. குளிர்கால இடைவெளிக்குப் பின்னரும் மறக்கவில்லை. சுறாக்களுக்குக் கற்கும் திறனும் நினைவாற்றலும் உண்டு என்பது இதனால் நிறுவப்பட்டது.

மூச்சுவிடுவதற்குச் சுறாக்கள் எப்போதும் நீந்திக்கொண்டே இருக்க வேண்டும் எனக் கருதப்பட்டு வந்தது. மெக்சிக்கோவின் முகேரெசு தீவருகே கடலடிக் குகைகளில் சுறாக்கள் அசையாது கிடப்பதை 1970களில் இவர் ஆராய்ந்தார். அவை நீரைச் செவுள்களின் வழியே தாமே செலுத்தி மூச்சுவிட்டன. செங்கடலில் வாழும் ஒரு தட்டைமீன் சுரக்கும் பால் போன்ற நச்சு சுறாக்களை விலக்குவதையும் கண்டறிந்தார்.

பாதுகாப்புப் பணிகள்

1975 இல் வெளியான "ஜாஸ்" திரைப்படம் சுறாக்கள் மீதான அச்சத்தைப் பெருக்கியது. சுறாவால் மனிதர் இறப்பது மிக அரிது என்றும், மனிதராலேயே சுறாக்களுக்குப் பேராபத்து என்றும் கிளார்க் கட்டுரைகளிலும் சொற்பொழிவுகளிலும் விளக்கினார். எகிப்தின் ராசு முகம்மது பகுதியைப் பாதுகாக்க வேண்டும் என வலியுறுத்தியவர்களுள் இவரும் ஒருவர். அது 1983 இல் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பிற்காலம்

1968 முதல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் கற்பித்து 1992 இல் ஓய்வு பெற்றார். ஆயினும் 92ஆம் அகவையிலும் கடலில் மூழ்கி ஆய்வு செய்தார். 2018 இல் விவரிக்கப்பட்ட ஒரு சுறா இனத்திற்கு இவர் நினைவாக ஸ்குவாலஸ் கிளார்க்கே எனப் பெயரிடப்பட்டது.