கொம்பனித்தெரு: கோப்பிக் காலத்து மிச்சங்கள்

கொம்பனித்தெரு என்றதும் நம் பேச்சில் முதலில் வருபவர்கள் மலாய்ச் சிப்பாய்கள்தான். 1873இல் ரைபிள் படை கலைக்கப்பட்ட பின்னும் மலாய் வீதி, ரைபிள் வீதி என்று பெயர்கள் தங்கிவிட்டன. 1786இல் எழுந்த வேகந்த பள்ளிவாசலும் நிற்கிறது. ஆனால் பேர வாவிக் கரையில் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்துகொடுத்த கொழும்பு கொமர்ஷல் கம்பனியின் பட்டறைகளைப் பற்றி நம்மில் யார் எழுதினோம்?

சட்டமும் கைகொடுக்காது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்துக்கு 1815 மார்ச் 2க்கு முந்தியதுதான் பழமை. கோப்பியும் தேயிலையும் கட்டியெழுப்பிய கொழும்பு அதற்குப் பிந்தியது. வர்த்தமானியில் தனியாக அறிவித்துக் காப்பாற்றலாம்தான். கேட்க ஆள் வேணுமே!

டி சொய்சா கட்டடம் இடிபட்டபோது அதன் வளைவுகளுக்காகப் பலர் வருந்தினார்கள், நானும்தான். 2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டதை மட்டும் மரபுரிமைக் கணக்கில் நாங்கள் சேர்ப்பதில்லை. பட்டறைச் சங்குக்கு எழும்பி ஓடின ஆட்கள் குடியிருந்தது இப்படியான சின்ன வீடுகளில்தானே?

என் வகுப்புப் பிள்ளைகள் பலர் இப்போது தொடர்மாடிகளிலிருந்து வருகிறார்கள். போன தவணை, மூத்தாப்பா என்ன தொழில் செய்தார், எங்கே இருந்தார் என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் சொன்னேன். கடைசல்காரர், வார்ப்பு வேலை, கொதிகலன் ஆள் என்று கொப்பிகளில் வந்திருக்கிறது. கூடவே எழுதியிருக்கும் வீட்டு இலக்கங்களில் சிலவற்றை அந்தத் தெருக்களில் இப்போது தேடிப் பிடிக்க ஏலாது.