ஏன் விக்கிறீங்க?

பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் ஒரு சைக்கிள் படத்தைப் போட்டுப் பாருங்கள். விலை 4,500 ரூபாய் என்று தெளிவாக எழுதியிருப்பீர்கள். பத்து நிமிஷத்தில் முதல் செய்தி வந்துவிடும்: "லாஸ்ட் ப்ரைஸ் சொல்லுங்க ப்ரோ." டயர் எப்படி, பிரேக் பிடிக்குமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என் நண்பர்கள் பலருக்கு இது எரிச்சல். விலைதான் போட்டிருக்கே, அப்புறம் என்ன பேரம் என்பார்கள். சூப்பர் மார்க்கெட்டில் வளர்ந்த நமக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் வரலாற்றில் பேரம்தான் மூத்தது. விலைச்சீட்டு நேற்றுப் பிறந்த பிள்ளை.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறித்தவக் குழுவினர் பேரத்தை ஒரு பாவமாகவே பார்த்தார்கள். வாங்க நினைக்காத விலையை வாயால் சொல்வது பொய்தானே என்பது அவர்கள் வாதம். அவர்களுடைய தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ், வியாபாரிகள் ஒரே விலை சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தினார். கடைக்குச் சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் பெரியவருக்குக் கிடைக்கும் அதே விலையில் பொருள் கிடைக்கும் என்ற நம்பிக்கை அதனால் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் 'போன் மார்ஷே' கடையில் அரிஸ்தீத் பூசிக்கோவும், ஃபிலடெல்ஃபியாவில் ஜான் வானமேக்கரும் இதைப் பெரும் வியாபார முறையாக்கினார்கள். அவர்களுக்கு அறத்தோடு கணக்கும் இருந்தது. நூற்றுக்கணக்கான ஆட்கள் கவுண்டரில் நிற்கும் கடையில் ஒவ்வொருவரும் தேர்ந்த பேரக்காரராக இருக்க முடியாது. விலையைச் சீட்டில் எழுதிவிட்டால் யார் வேண்டுமானாலும் விற்கலாம்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. பொருளெல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். புதுச் சட்டை நூறு இருந்தால் நூறும் ஒன்றுதான். ஆறு மாதம் உடுத்திய இரண்டு சட்டைகள் ஒருபோதும் ஒன்றாகாது. அதனால் பழைய பொருளின் பக்கம் விலைச்சீட்டு முழுசாக வந்து சேரவே இல்லை. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1900இல் திறந்து 1985 தீ விபத்தில் அழிந்த மூர் மார்க்கெட், பழைய புத்தகத்துக்கும் பேரத்துக்கும் ஒருசேரப் பேர்போனது. அட்டை கிழிந்த புத்தகத்துக்கு இதுதான் விலை என்று யார் முடிவு செய்வது? நிற்பவர்கள் இருவரும்தான் பேசி முடிக்க வேண்டும்.

பேசும்போது தவிர்க்க முடியாத ஒரு கேள்வி வரும். "ஏன் விக்கிறீங்க?"

இந்தக் கேள்வியின் நியாயத்தை ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். பழைய காரின் கோளாறு விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஏமாந்துவிடுவோம் என்ற பயத்தில் வாங்குபவர் குறைத்தே கேட்பார். அந்த விலைக்குத் தர நல்ல கார் வைத்திருப்பவருக்கு மனசு வராது. அவர் சந்தையை விட்டு விலகிவிடுவார். கடைசியில் மிஞ்சுவது ஓட்டை வண்டிகள். 2001இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு இந்தச் சிந்தனை முக்கியக் காரணம். ஆக, "ஏன் விக்கிறீங்க?" என்று கேட்பது வாங்குபவரின் தற்காப்பு. நல்ல பொருளை எதற்காகக் கைவிடுகிறாய் என்பதுதான் அதன் பொருள்.

ஆனால் அதே கேள்விக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. பதில் "காலேஜ் ஃபீஸ் கட்டணும்" என்று வந்தால், கேட்டவருக்குப் பொருளைப் பற்றி ஒன்றும் புதிதாகத் தெரிந்துவிடவில்லை. விற்பவரால் எவ்வளவு நாள் காத்திருக்க முடியும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. விலை அங்கேதான் சரியத் தொடங்கும்.

நம் மாட்டுச் சந்தைகளுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே தரகரும் வியாபாரியும் துண்டுக்கு அடியில் கைகளை மறைத்து, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நிற்கும் கூட்டத்துக்குத் தொகை தெரியாது. என் தாத்தா மாடு விற்கப் போகும் நாளில் பெட்டியில் இருந்து சலவை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொள்வார். "மொகத்துல பஞ்சம் தெரிஞ்சா மாட்டுக்கு வெல வராது" என்பார். துண்டு தொகையை மறைத்தது. வேட்டி தேவையை மறைத்தது.

இணையம் இதையெல்லாம் மாற்றிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1995இல் பியர் ஒமிதியார், பின்னாளில் ஈபே ஆன தளத்தைத் தொடங்கினார். அதில் முதலில் விற்றவற்றில் ஒன்று உடைந்துபோன லேசர் பாயின்டர், 14.83 டாலருக்கு. முகம் தெரியாதவர்கள் ஏலம் கேட்பார்கள், விலை தானாகக் கனியும் என்பது கணக்கு. அடுத்த வருஷமே, விற்றவரைப் பற்றி வாங்கியவரும் வாங்கியவரைப் பற்றி விற்றவரும் கருத்து எழுதும் வசதி வந்தது. ஊர்ச் சந்தையில் தரகரின் வாய்ச்சொல் செய்த வேலையை அது செய்தது. ஆனாலும் பேரம் போகவில்லை. 2005 வாக்கில் 'பெஸ்ட் ஆஃபர்' என்ற பெயரில் ஈபேயே பேரத்துக்கு ஒரு பொத்தான் வைத்தது.

அந்தப் பொத்தான் வழியாக நடந்த பேரங்களைச் சில பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 100, 200 என்று முழு எண்ணில் விலை போட்டவர்களுக்கு, 98, 203 என்பதுபோல் போட்டவர்களைவிட 5 முதல் 8 சதவீதம் குறைவாகவே கேட்பு வந்தது. ஆனால் அந்தக் கேட்பு 6 முதல் 11 நாள் முன்னதாக வந்தது. சீக்கிரம் விற்க வேண்டும், குறைத்துக் கேட்கலாம் என்று அந்தச் சுழியங்களே சொல்லிவிடுகின்றன. வேட்டி கட்டி மறைத்தது இங்கே எண்ணில் கசிகிறது.

கசிவது அவசரம் மட்டுமா? அமெரிக்காவில் உள்ளூர் விளம்பரத் தளங்களில் ஐபாட் விற்பனைக்கு என்று ஒரே மாதிரி விளம்பரங்கள் போட்டு, படத்தில் அதைப் பிடித்திருக்கும் கையை மட்டும் மாற்றிப் பார்த்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. கறுப்புக் கை தெரிந்த விளம்பரங்களுக்கு, வெள்ளைக் கை தெரிந்தவற்றைவிடக் குறைவான பதில்கள் வந்தன, கேட்ட விலையும் குறைந்தது. முகம் தெரியாத சந்தை என்று நாம் நினைத்த இடத்தில் ஒரு கை தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

பேரமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பழைய பொருளுக்கு வேறு வழி கிடையாது. ஆனால் சந்தையில் தரகர் இருவருக்கும் தெரிந்தவர். அடுத்த வாரமும் அதே மரத்தடியில்தான் எல்லோரும் நின்றாக வேண்டும். அநியாயமாக அடித்துப் பேசியவன் பெயர் ஊருக்குள் சுற்றும். செயலியில் நாம் பேசும் ஆளை மறுபடி பார்க்கப் போவதே இல்லை. அதனால் கட்டுப்பாடு நம்மிடம்தான் இருக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் மாதம் பழைய லேப்டாப் பார்க்கும்போது "அர்ஜென்ட் சேல்" என்று எத்தனை விளம்பரம் வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அந்தச் சமயத்தில் நான் "ஏன் விக்கிறீங்க?" என்று கேட்பதில்லை. எப்போ வாங்கினது, பில் இருக்கா, பேட்டரி எவ்வளவு நேரம் நிக்குது, எந்த பார்ட் மாத்தியிருக்கீங்க என்று கேட்கிறேன். அகெர்லாஃபின் பயத்துக்கு இந்த நாலு கேள்வியிலேயே பதில் கிடைத்துவிடுகிறது. அந்த வீட்டில் என்ன கஷ்டம் என்பது எனக்குத் தெரியாமலே பேரம் படிந்துவிடுகிறது.