எட்டாம் வகுப்பில் கேட்ட கேள்விக்கு இன்று பதில்



நாடாளுமன்றப் பாடம் நடத்தும்போது ஒரு மாணவன் எழுந்து, "சார், மாநிலங்களவை எம்.பி.க்கு எங்க அப்பா ஏன் ஓட்டுப் போட முடியாது?" என்று கேட்டான். "எம்.எல்.ஏ.க்கள் போடுவாங்க, உட்காருப்பா" என்று சொல்லிவிட்டேன். அது பதில் இல்லை என்று அன்றே எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற பிறகு அமெரிக்க வரலாறு படித்தபோது அவன் நினைவு வந்தது.

1787இல் எழுதிய அமெரிக்க அரசியலமைப்பும் இதே முறையைத்தான் வைத்தது. மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள். தேர்ந்தெடுப்பது மாநிலச் சட்டமன்றம். மத்திய அரசில் மாநிலங்களின் குரலும் கேட்க வேண்டும் என்பது நோக்கம். 1858இல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் லிங்கனும் டக்ளஸும் ஏழு ஊர்களில் விவாதம் நடத்தினார்கள். கேட்கத் திரண்ட மக்களால் இருவருக்கும் நேரடியாக ஓட்டுப் போட முடியாது. சட்டமன்றம்தான் 54க்கு 46 என்று டக்ளஸைத் தேர்ந்தெடுத்தது.

நோக்கம் நல்லதுதான், நடைமுறையில் இரண்டு நோய்கள் வந்தன. ஒன்று, இழுபறி. பெரும்பான்மை கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப வாக்கெடுப்பு. டெலவேர் மாநிலத்தில் கட்சிச் சண்டையால் 1901 முதல் 1903 வரை இரண்டு இடங்களும் காலியாகவே கிடந்தன. இன்னொன்று, பணம். மொன்டானாவின் செப்புச் சுரங்க முதலாளி வில்லியம் கிளார்க் உறுப்பினர்களை விலைக்கு வாங்கினார் என்று விசாரணை நடந்தது. 1900இல் பதவி விலகினார். மறு ஆண்டே அந்தச் சட்டமன்றம் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தது!

மக்கள் கொதித்தார்கள். 1913இல் 17ஆவது திருத்தம் வந்து, செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களிடம் போனது. அதற்கு ஒப்புதல் தந்தவையும் அதே மாநிலச் சட்டமன்றங்கள்தான். தம் கையில் இருந்த அதிகாரத்தைத் தாமே விட்டுக்கொடுத்தன.

நம் நாட்டில் பழைய முறையே நிற்கிறது. ஆனால் 1, 2, 3 என விருப்ப வரிசையில் ஓட்டுப் போடுவதால் அந்த இழுபறி இங்கு இல்லை. தமிழகத்தில் 234 எம்.எல்.ஏ.க்களும் வாக்களித்து ஆறு இடங்களை நிரப்பினால், 34 ஓட்டு வாங்கியவர் எம்.பி. 2003 முதல் ஓட்டைத் தம் கட்சி முகவரிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். விலைபோவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

தம்பி, நீ எங்கிருந்தாலும் கேள். உன் அப்பா எம்.எல்.ஏ.வுக்குப் போடும் ஓட்டுதான் மாநிலங்களவை வரை போகிறது. அதனால் அதை யோசித்துப் போடச் சொல். அன்று உன்னை உட்காரச் சொன்னது என் தவறு.