எழுதுவினைஞரும் நீதிபதியும்: ஹென்றி ஜயசேனவின் நடிப்பு வாழ்வு

நடிகனொருவனின் வரலாற்றை அவன் ஏற்ற பாத்திரங்களின் பட்டியலாக எழுதுவதே நம்மிடையே வழக்கம். எந்த வர்க்க அனுபவத்திலிருந்து அப்பாத்திரங்களை அவன் வார்த்தெடுத்தான் என்ற வினா அரிதாகவே எழுகின்றது. சிங்கள மேடையிலும் திரையிலும் குணசித்திர நடிப்பினால் அறியப்பட்ட ஹென்றி ஜயசேனவை (1931–2009) இவ்வினாவுடனேயே நாம் அணுக விரும்புகின்றோம்.

கம்பஹாவில் பிறந்த இவர் பொதுவேலைத் திணைக்களத்தில் எழுதுவினைஞராயிருந்து கொண்டே நாடகங்களை எழுதி, நெறிப்படுத்தி, நடித்தார். சரச்சந்திரரின் 'மனமே' (1956) தோற்றுவித்த எழுச்சியின் அடுத்த தலைமுறையினர் இவர். கெலிஓயாவிலிருந்து பேராதனைக்கு வருவோர் நன்கறிந்த திறந்தவெளி அரங்கு இன்று சரச்சந்திரரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவ்வரங்க மரபு பெரும்பாலும் பழங்கதைகளை நாடியது. ஜயசேனவோ 'குவேனி' போன்ற ஐதிகத்தைக் கையாண்டபோதும் சமகால மனிதனையே தேடினார்.

திரையில் அவரது முதன்மையான பாத்திரம் பியல். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1963 இல் உருவாக்கிய 'கம்பெரலிய'வில், வளவுக் குடும்பத்தினர் தம் தகுதிக்கு ஈடாகக் கொள்ளாத இளைஞன் கொழும்பு சென்று வணிகத்தால் உயர்கின்றான். 1980களின் தொடக்கத்தில் வந்த 'கலியுகய'வில் அதே பியலை முதுமையோடு ஜயசேனவே ஏற்றார். எழுச்சிபெறும் முதலாளித்துவமும் அதன் வெறுமையும் ஒரே நடிகனின் முகத்தில் பதிவானமை அபூர்வமானது. பின்னாளைய தொலைக்காட்சித் தொடரான 'தூ தருவோ'வின் கனிந்த பாட்டனாரையே இளந்தலைமுறை அறியும். அதனை நாம் பெரிதாகக் கொள்வதற்கில்லை.

அவரது சிகரம் 1967 இல் மேடையேறிய 'ஹுணுவட்டயே கதாவ'. பிரெக்ட் நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்காவில் வாழ்ந்த காலத்தில் எழுதிய 'கோக்கேசிய வெண்கட்டி வட்டம்' இவ்வாறு சிங்களமாயிற்று. மானெல் ஜயசேன பணிப்பெண் குருஷாவானார், ஜயசேன அஸ்டாக். அஸ்டாக் யார்? கலகக் குழப்பத்தில் நீதிபதியாக்கப்படும் கிராம எழுத்தன். 1954 இல் பெர்லினில் இப்பாத்திரத்தை ஏற்ற ஏர்ண்ஸ்ட் புஷ், கீல் நகரின் கப்பல் கட்டும் தளத்திலே தொழில் பயின்றவர். நாஜிகளின் சிறையில் கிடந்தவர். புஷ்ஷிற்குத் தொழிற்களமும் சிறையும் கற்பித்ததை, ஜயசேனவுக்கு அரசாங்கக் கோப்புகளிடையே கழிந்த நாட்கள் கற்பித்திருத்தல் வேண்டும். மேலிடத்தின் ஆணை எவ்வாறு எழுதப்படுகின்றது, எவ்வாறு திரிக்கப்படுகின்றது என்பதை எழுதுவினைஞரைவிட அறிந்தவர் எவர்?

இந்நாடகத்தைத் தாய்மையின் பெருமை கூறும் கதையாக மட்டும் கொள்வோர் உளர். நாம் இதனை ஏற்பதற்கில்லை. பெற்றவளுக்கன்றி வளர்த்தவளுக்கே குழந்தை என அஸ்டாக் தீர்க்கும்போது, வழக்கிலிருப்பது குழந்தை மட்டுமன்று, உடைமை என்னும் கருத்துமாகும். அத்தீர்ப்பு மேடையில் ஒலிப்பதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1964 இல், மலையகத்தின் மண்ணைப் பண்படுத்தித் தேயிலையைப் பேணிய மக்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என இரு அரசுகள் பங்கிட்டிருந்தன. எஞ்சிய 150,000 பேரின் கதி பிற்போடப்பட்டது. அவ்வழக்கை விசாரிக்க அஸ்டாக் எவரும் அழைக்கப்படவில்லை.