உறையை உரித்த ரத்தம்

செயற்கை ரத்தம்னு சொன்னாலே ஏதோ எதிர்காலத்து விஷயம் மாதிரி தோணும். இன்னிக்கு நான் சொல்லப்போறது 1998-ல் பாதியில் நின்ற ஒரு கதை.

சிவப்பணுவின் மேல்தோலில் இருக்கிற அடையாளங்கள்தான் நம்ம ரத்த வகையைத் தீர்மானிக்குது. ஆக்சிஜனைச் சுமப்பது உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதம். அப்போ தோலை உரிச்சுட்டு புரதத்தை மட்டும் ஏத்தினா என்ன? வகை பார்க்க வேண்டாம், விபத்து நடந்த இடத்திலேயே கொடுக்கலாம். ஒரு இன்ஜினியரா எனக்கு இது ரொம்ப நியாயமான யோசனையாத்தான் படுது.

ஆனா வெளியே வந்த ஹீமோகுளோபின் இரண்டாகப் பிரிந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அமெரிக்காவின் பாக்ஸ்டர் நிறுவனம் இதுக்கு ஒரு வழி செஞ்சது. மனித ரத்தத்திலிருந்து ஹீமோகுளோபினைப் பிரித்தெடுத்து, பிரியாதபடி வேதிப்பொருளால் பிணைத்தது. பெயர் ஹீம்அசிஸ்ட்.

யார்கிட்ட சோதிப்பது? ரத்தம் கொட்டி மயங்கிக் கிடப்பவரிடம் சம்மதம் கேட்க முடியாது. 1996-ல் அமெரிக்க அரசு ஒரு விதி கொண்டுவந்தது: கடுமையான நிபந்தனைகளோடு, உயிருக்குப் போராடும் நோயாளிகளை முன்சம்மதம் இல்லாமலே ஆய்வில் சேர்க்கலாம். அந்த விதியின் கீழ்தான் 1997-ல் சோதனை தொடங்கியது.

வழக்கமான சிகிச்சை எல்லாருக்கும் உண்டு. கூடுதலா 52 பேருக்கு ஹீம்அசிஸ்ட், 46 பேருக்கு உப்புநீர். 28 நாளில் உப்புநீர் பக்கம் இறந்தவர்கள் 8 பேர். ஹீம்அசிஸ்ட் பக்கம் 24 பேர். 1998-ல் சோதனையை நிறுத்திட்டாங்க.

ஏன் இப்படி? ரத்தக்குழாய்ச் சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்வா வெச்சிருக்கு. உறையில்லாத ஹீமோகுளோபின் அதை விழுங்கிடும். குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். முக்கியமா சொல்லப்படும் விளக்கம் இதுதான். அழுத்தம் ஏறுவது முன்னாடியே தெரியும். அடிபட்டவருக்கு அது நல்லதுதானேன்னு நினைச்சவங்களும் இருந்தாங்க. அதே 1998-ல்தான் நைட்ரிக் ஆக்சைடின் வேலையைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது.

இது ஒரு கம்பெனியோட சறுக்கல் மட்டும் இல்லை. 2008-ல் ஐந்து தயாரிப்புகள், 16 சோதனைகள், 3,711 நோயாளிகளின் தரவை ஒன்றாக வைத்துப் பார்த்தாங்க. மரண அபாயம் சுமார் 30% அதிகம். மாரடைப்பு அபாயம் 2.7 மடங்கு.

வெறும் பேக்கேஜிங்னு நினைச்சுத் தூக்கிப்போட்ட அந்தத் தோல், ஹீமோகுளோபினிடமிருந்து நம்ம ரத்தக்குழாயைக் காப்பாத்திட்டு இருந்திருக்கு. இப்போ எரித்ரோமர் மாதிரி முயற்சிகள், கொழுப்பில் செய்த ஒரு உறைக்குள் ஹீமோகுளோபினைத் திரும்ப வைக்கப் பார்க்குது.

நம்ம வேலையில் ஒரு ரிலீஸ் சொதப்பினா ரோல்பேக் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிடலாம். அந்த 52 பேருக்கு அந்த வசதி இல்லை. உறையோட வர்ற அடுத்த தயாரிப்பையும் யாரோ ஒருத்தர் உடம்பில்தான் முதலில் ஏத்தணும். அவர்கிட்ட எப்படிக் கேட்பதுங்கிறதும் இந்த டிசைனில் ஒரு பகுதின்னு நான் நினைக்கிறேன்.